இரட்டைக் குரல் இனியவன்

21 ஏப்ரல் 2025, திங்கள்

ஜெராக்ஸ் மெஷின் இன்று மூன்று முறை பேப்பரைக் கடித்தது. மூன்று முறையும் திட்டினேன். கோபம் மெஷின் மேல் இல்லை.

காலையில் திண்டிவனத்திலிருந்து சம்பந்தி ராஜவேலு போன் செய்தார். என் மகள் வெண்ணிலாவின் ரிசப்ஷனுக்குப் பாட்டுக் கச்சேரி அவர் பொறுப்பாம். "டிஜே கிஜே வேணாம் சம்பந்தி. முழுக்க எய்ட்டீஸ் பாட்டுதான். ஆரோக்கியராஜ் பார்ட்டிய பேசிட்டேன்."

ஆரோக்கியராஜ்! ஐந்து வருஷம் என்னோடு ஒரே கச்சேரி வேனில் போனவன். மேடையிலிருந்து என்னைப் பார்த்தால் சும்மா இருப்பானா?

24 ஏப்ரல்

"பாட்டுதான பாடனீங்க, திருடவா செஞ்சீங்க?" என்கிறாள் அம்பிகா. என் பெண்டாட்டிக்கு எல்லாமே எளிது.

எண்பதுகளில் எந்த வீட்டில் பெண்ணை விடிய விடிய நடக்கும் திருவிழாக் கச்சேரிக்கு அனுப்பினார்கள்? மெட்ராஸிலிருந்து பாடகியைக் கூட்டிவர எங்கள் குழுவுக்கு வக்கில்லை. அதனால் டூயட்டில் இரண்டு பேரும் நானே. வலப்பக்கம் திரும்பினால் ஆண், இடப்பக்கம் திரும்பினால் பெண். நோட்டீசில் அரங்கநாதன் என்று போடமாட்டார்கள், 'இரட்டைக் குரல் இனியவன்' என்றுதான் போடுவார்கள்.

பாட்டும் அப்போது தலைதெறிக்க மாறிக்கொண்டிருந்தது. தபேலாவும் அக்கார்டியனும் இருந்த இடத்தில் கீபோர்டு வந்தது, எக்கோ மெஷின் வந்தது, டிஸ்கோ அடி வந்தது. சிங்கப்பூர் போனவர்கள் டேப் ரெக்கார்டரோடு வந்து இறங்கினார்கள். பஸ்ஸில்கூடப் பாட்டு. கேசட்டில் காலையில் கேட்டதை அன்றைக்கே மேடையில் பாடச் சொல்லி ஜனம் கேட்டது. டிஸ்கோ பாட்டுக்குப் பெண் குரல் மட்டும் போதாது, நடுநடுவே பெருமூச்சும் விட வேண்டும். விட்டேன். விசில் பறந்தது.

அதே ஜனம்தான் மறுநாள் டீக்கடையில், "இன்னா மேடம், டீயா காபியா?" என்றது. பெண் பார்க்கப் போன வீட்டில் ஒருவர், "மாப்ள கொஞ்சம் பேசிக் காட்டட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அதுதான் இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளில் தாளத்தை மெஷினில் ஏற்றிக்கொண்டார்கள். பாடப் பெண்களும் வந்தார்கள். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை.

வெண்ணிலாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் வாழப்போகிற வீட்டில் அவள் அப்பன் சிரிப்புப் பொருளாக வேண்டுமா?

29 ஏப்ரல்

கடையைப் பாதியில் சாத்திவிட்டுத் திண்டிவனம் போனேன். ஆரோக்கியராஜ் மீசைக்குக்கூட டை அடித்திருக்கிறான்.

"மேடைல என்ன பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதடா."

"இன்னா ரங்கா, கொல பண்ணிட்டு ஓடியாந்தவன் மாதிரி பேசற? சரி வுடு. இனியவனப் பத்தி மூச்சு வுட மாட்டேன். போதுமா?"

கையில் அடித்துச் சத்தியம் செய்தான். நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லையே, ஏன்?

3 மே

குளிக்கும்போது அந்தப் பெண் குரல் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. கொஞ்சம் மணல் கலந்து வந்தது. "டேங்க் தண்ணி தீந்துபூடும், ஜல்தி வாங்க" என்று அம்பிகா கதவைத் தட்டினாள்.

எதற்காகப் பார்த்தேன்?

16 மே, வெள்ளி

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று ரிசப்ஷன் நடுவில் சம்பந்தி மைக்கைப் பிடித்தார். "எண்பத்தேழுல கோலியனூர் திருவிழாவுல ஒருத்தரு ரெண்டு கொரல்லயும் பாடனாரு. எங்க சித்தப்பா சிங்கப்பூர்லருந்து கொண்ணாந்த டேப்புல புடிச்சேன். டூயட்டு பாதியில கேசட்டு ஒரு பக்கம் தீந்துபூட்ச்சு. திருப்பிப் போடறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிட்ச்சு. மீதிய அந்தக் கொரல்ல கேக்கணும்னு இன்னிக்கு வரைக்கும் ஆசப்பட்டுக்கினு இருக்கேன். ஆரோக்கியராஜ் சார், இனியவன் இப்ப எங்க இருக்காரு?"

ஆரோக்கியராஜ் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று நான் தலையை லேசாக ஆட்டினேன்.

"அவரு தவறிட்டாருங்க" என்றான்.

படுபாவி! தெரியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

சம்பந்தி ஒரு நிமிடம் மௌனம் என்று ஆரம்பித்தார். "கல்யாண மண்டபத்துல இன்னா பேச்சுங்க இது?" என்று அவர் மனைவி ஜெயம்மாள் பல்லைக் கடித்தார். சரி, மௌனம் வேண்டாம், அதே டூயட்டை அஞ்சலியாகப் பாடட்டும் என்றார்கள். பெண் குரல் பாதியை ஒரு சின்னப் பெண் பாடியது. நன்றாகத்தான் பாடியது. மூச்சு எடுக்கும் இடம் மட்டும் தப்பு. எழுந்துபோய்ச் சொல்லலாமா என்று காலெல்லாம் பரபரத்தது. வெற்றிலைத் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

18 மே

"உங்களுக்கு ஆயுசு கெட்டி" என்று நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள் அம்பிகா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

7 ஜூன்

வெண்ணிலா போன் செய்தாள். "மாமா டெய்லி அந்த கேசட்ட போடறாருப்பா. நின்னுபோற எடத்துல கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்துக்கினு இருப்பாரு. பாவமா இருக்குது. அந்த இனியவன உனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாதும்மா."

ஒரு மனுஷன் சாவுக்கு இன்னொரு மனுஷன் வருத்தப்படுகிறார், செத்தவன் இங்கே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறான். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே? இல்லை, முடியாது. முடியாதா?

13 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறக்கப்போகிறது. வெண்ணிலாவை அழைத்துவரத் திண்டிவனம் போனோம். சாப்பாடு முடிந்ததும் சம்பந்தி டேப்பைத் தட்டினார்.

இருபது வயசு நான் வந்தேன், இரண்டு பேராக. யாரும் சிரிக்கவில்லை. ஜெயம்மாள் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார். சரணத்தில் பெண் குரல் மேலே ஏறும் இடத்தில் டக்கென்று பட்டன் எழும்பியது. சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. இடப்பக்கம் திரும்பினேன். மீதியைப் பாடினேன். மேலே போகும்போது குரல் உடைந்தது, உடைந்தபடியே முடித்தேன்.

வெண்ணிலா "அப்பா" என்றாள். சம்பந்தி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "இன்னொரு தபா, சம்பந்தி" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டேன். முதலில் நன்றாகத் திட்டினேன். பிறகு, ஆடித் திருவிழாவுக்கு வேனில் ஓர் இடம் இருக்குமா என்று கேட்டேன்.