வராத காசுக்கு வரி

மே 12, 2024
மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்து மீன்குழம்பு வைத்தேன். இந்த வில்லியனூர் வாடகை வீட்டு அடுப்படியில் திரும்பினால் முழங்கை இடிக்கிறது. பரவாயில்லை, ஒதியம்பட்டு மனையில் வீடு எழும்பும்வரைதானே. மூலக்குளம் வீட்டைப் பிப்ரவரியில் உலகநாதன் பேருக்கு எழுதிக்கொடுத்தோம். அவர் தந்த பாதிப் பணம் மனைக்குப் போயிற்று. மீதிக்கு வாங்கிய செக்கை நாளை போடுகிறோம்.

மே 16
செக் திரும்பிவிட்டது. உலகநாதன் இவரோடு ஒரே மில்லில் வேலை பார்த்தவர். "லோன் லேட்டாவுது சுரேஷு, கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்றாராம்.

ஜூன் 21
ஆடிட்டர் உஷாராணியைப் பார்த்தோம்.
"பத்திரம் பதிவான வருஷமே வித்ததாத்தான் கணக்கு. காசு கைக்கு வந்துச்சான்னு பார்க்கமாட்டாங்க. வூடு கட்டப்போற பணத்தை ஜூலை கடைசிக்குள்ள பேங்க்ல அதுக்குன்னு இருக்கிற கணக்குல போடணும். இல்லன்னா வித்த லாபத்துக்கு வரிதான்."
"வராத காசை எப்படிங்கம்மா போடறது?"
அவர் பத்திரத்தைத் திருப்பிக் காட்டினார். முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாக இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! லோனுக்கு அப்படித்தான் எழுதணும் என்று உலகநாதன் சொன்னாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

ஜூலை 9
தனியாக மூலக்குளம் போனேன். எங்கள் வீட்டு மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே கட்ட மட்டும் ஏது காசு? உலகநாதன் வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிடவில்லை.
"இன்னாண்ணே இது?"
"தரமாட்டேன்னா சொன்னேன்? பத்திரத்துல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சுப் பாரும்மா." சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜூலை 24
இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பயமா இருக்கு. எதையும் கேக்கவும் பயமா இருக்கு.

ஜூலை 30
என் நகைகளை அடகு வைத்தோம். வரி கட்டியாயிற்று.

அக்டோபர் 19
மில் ஆட்கள் இவரோடு போய்ப் பேசியதில் உலகநாதன் கொஞ்சம் கொடுத்தார். "மிச்சத்தைக் கேட்டு யாரும் வராதீங்க" என்றாராம். நகையை மீட்கவே அது சரியாகிவிட்டது. உஷாராணிக்குப் போன் செய்தேன். கட்டிய வரி திரும்பாது என்றார். "மூணு வருஷத்துல வூடு எழும்பலன்னா மனைக்குப் போன பணத்துக்கும் வரி வரும், பார்த்துக்குங்க." எதை வைத்து எழுப்புவது?

டிசம்பர் 22
நேற்று மனையை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இன்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு இவர் கூடத்துச் சுவரில் ஆணி அடித்தார். புது வீட்டில் மாட்டலாம் என்று இதுவரை பெட்டியிலேயே கிடந்த கல்யாணப் போட்டோவை மாட்டினோம். "நேரா இருக்குதா மேரி?" என்றார், ஸ்டூல்மேல் நின்றபடி.
நேராகத்தான் இருந்தது.