ஏழாம் எண் படலத்தில் உன் பெயர்

அடியே, என் தங்கமான சண்டைக்காரி ஜெசிந்தா,

விருத்தாசலத்தில் உன் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ காய்ச்சலில் போய் எட்டு மாதம் ஆகிறது. உன் அம்மா பீங்கான் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு எனக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறார். வேண்டாம் என்றால் கேட்கிறாரா?

சேதிக்கு வருகிறேன். நம் லேபில் நீ செய்த ஏழாம் எண் காந்தப் படலம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு தலைமுடியின் கனத்துக்கு ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அத்தனை மெல்லியது. அதில் ஸ்கிர்மியான்கள், அதாவது அணுக்காந்தங்கள் தலைச்சுழி மாதிரி சுற்றி நிற்கும் பொடிச் சுழல்கள், மின்சாரம் பாய்ச்சியும் ஓடாமல் அங்கங்கே நின்றுவிட்டன. "சாம்பிள் கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு" என்றார் நம் ஆராய்ச்சி கைடு. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நீ தூக்கிப் போடவில்லை. டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்தாய். திமிர் பிடித்தவள்!

அதைத்தான் நீ போன பிறகு எடுத்து மறுபடி அளந்தேன். ஓர் அணு விடுபட்டுப்போன இடத்தில் சுழல் போய் மாட்டிக்கொள்கிறது. வேற்று அணு நுழைந்த இடத்தில் கிட்டே வராமல் விலகிப் போகிறது. மின்சாரத்தைக் கூட்டினால் மாட்டியது விடுபட்டு நகர்கிறது. எத்தனை முறை செய்தாலும் அதே இடம், அதே கதை. தகவலைச் சுழலில் எழுதினால் அது நாம் சொல்லும்வரை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று உன் நோட்டில் கேட்டிருந்தாயே, பதில் உன் படலத்திலேயே இருந்தது. உன்னையும் அணு விடுபட்ட அந்தக் குறையையும் ஒப்பிட்டு உருகி உருகி எழுத மாட்டேன், நீ அடிக்க வருவாய். நீ சொன்னது சரி, அவ்வளவுதான்.

இப்போது அதே கைடு அதைக் கட்டுரையாகப் போடத் துடிக்கிறார். உன் பெயர் இல்லாமல். கடைசியில் ஒரு வரி நன்றி போதுமாம். "யாராச்சும் கேள்வி கேட்டா செத்தவ வந்து பதில் சொல்லுவாளா?" என்றார்.

"அவ பேரு முதல்ல இல்லன்னா என் பேரும் வேணாம் சார்" என்றேன். என் பட்டம் அவர் கையில் இருக்கிறது. இருக்கட்டுமே!

இறந்தவர் பெயரைப் போட வீட்டார் கையெழுத்து வேண்டும் என்றது ஆய்வுப் பத்திரிகை. அதற்குத்தான் வந்தேன். நடந்ததையெல்லாம் அம்மாவிடம் கொட்டினேன். "எம் பொண்ணு சரியாத்தான செஞ்சிருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டு முடிக்கவும் கைடு போன் செய்யவும் சரியாக இருந்தது. அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"சார், ஜெசிந்தா அம்மா பேசுறேங்க. செத்தவ பதில் சொல்லுவாளான்னு கேட்டீங்களாமே. அவ உசுரோட இருந்தப்ப நீங்க அவள என்ன கேட்டீங்க?"

போனை என்னிடம் தந்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனார். அங்கே போய்த்தான் அழுதார். நானும் அழுதேன்டி.

கையெழுத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். கைடிடமிருந்து இன்னும் பதில் இல்லை. எது வந்தாலும் வரட்டும், உன் பெயர் முதலில் இல்லாமல் அந்தக் கட்டுரை வெளியே போகாது. அது வெளியான பிறகு எவன் கேள்வி கேட்டாலும், உன் நோட்டை விரித்து வைத்து நான் பதில் சொல்வேன்.

என்றும் உனக்கு லேப் அக்காவாகவே இருக்கும்
தேன்மொழி