வரிசையில் பத்தாவது ஆள்

என் பிரியமுள்ள நைனா,

பள்ளிக்கூடப் படிவங்களில் அப்பா என்று எழுதினாலும் கூப்பிட்டதெல்லாம் நைனா என்றுதானே, அப்படியே எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் மனதுக்குள் உங்களோடு பேசியதெல்லாம் கொஞ்சல்தான். இன்றைக்குக் கொஞ்சம் சண்டையும் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்தி. உங்கள் மகன், என் தம்பி டேனியல், கும்மிடிப்பூண்டி மில்லில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டான். யாரும் அவனைத் துரத்தவில்லை. அவனே எழுதிக் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தான். எல்லாம் உங்கள் கப்பல் கதையை நம்பித்தான்.

அந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! "எங்க தாத்தா செபுலோன் இந்தப் பக்கத்து ஆளு இல்ல. யூதரு. பவளம் விக்கறதுக்குக் கப்பல்ல வந்தவரு. பழவேற்காட்ல எறங்கி இங்கியே தங்கிட்டாரு. எவனாவது வந்து நீங்க இன்னா ஆளுங்கன்னு கேட்டா, யூதருங்கன்னு சொல்லுங்க." கவரைப்பேட்டை காலனியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்வீர்கள். நாங்களும் கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னோம். சிலர் சிரித்தார்கள், சிலர் மேலே கேட்கத் தெரியாமல் விட்டார்கள். அக்கம்பக்கத்தில் பன்றிக்கறி வேகும்போது யூதருக்கு அது ஆகாது, நம் வீட்டுக்குள் மட்டும் வரக் கூடாது என்றீர்கள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கோழி வாங்கி வருவாள்.

எனக்கு அது வெறும் கதையாக நின்றுவிட்டது. டேனியலுக்கு அது எலும்புக்குள் இறங்கிவிட்டது. நீங்கள் போன பிறகு ஆரம்பித்தான். கல்லறைத் தோட்டத்துக் கல்லையெல்லாம் போனில் படம் பிடித்தான். உங்கள் எஸ்எஸ்எல்சி புத்தகம், தாத்தா எலியேசரின் ரேஷன் கார்டு, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தான். பெரிய சார்ட் பேப்பரில் செபுலோன், எலியேசர், சாமுவேல், டேனியல் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிச் சுவரில் ஒட்டினான். "சாமுவேலு, டேனியலுன்னு யாரு வேணா வெச்சுக்குவான். செபுலோன்னு எவன்கா வெப்பான்? யூதனத் தவிர?" என்பான்.

இதற்கிடையில் சென்னையில் ஏதோ ஒரு குழு அவனுக்குப் பழக்கமானது. இந்தியாவில் ஒளிந்து கிடக்கும் யூத வம்சத்தாரைத் தேடிப் பட்டியல் எடுக்கிறார்களாம். பட்டியலில் சேர்ந்தால் குடும்பத்தோடு யூதர்களின் நாட்டுக்கே போய்க் குடியேற வழி செய்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே ஒருவர் வந்து அம்மாவை விசாரித்து, இவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. டேனியலின் மகள் ஷெரின் இந்த வருஷம் பத்தாவது. அவளுக்கு டிசி வாங்கக்கூட எழுதி வைத்துவிட்டான். சைரன் அடித்தால் ஓடிப்போய்ப் பதுங்க வேண்டிய ஊருக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறான், நைனா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கம்பெனியில் ஒரு பீஸ் பழுதாகித் திரும்பி வந்தால், அது எந்த லாட், எந்த ஷிப்ட், எந்த நாள் உருக்கிய இரும்பு என்று பின்னாலேயே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் ஒரு தாள் இல்லை என்றாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். டேனியலின் சார்ட்டில் செபுலோனுக்கு மேலே ஒரு கப்பல் படம்தான் இருந்தது. தாள் இல்லை. அதனால் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு எளாவூர் போனேன்.

செக்போஸ்ட் லாரிகளைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் உள்ளே போனால் நம் பழைய சபை. ஆபீஸில் ஜாய் அக்கா இருந்தார். இரும்பு பீரோவைத் திறந்து பதிவேடுகளைத் துணி விரித்து வைத்தார். பின்னாலேயே போனேன். உங்கள் கல்யாணப் பதிவில், எலியேசர் மகன் சாமுவேல். எலியேசரின் ஞானஸ்நானப் பதிவில், செபுலோன் மகன். இன்னும் பழைய புத்தகம் ஒன்று இருந்தது, அட்டை போனது. அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒருவேளை டேனியல் சொல்வதுதான் நிஜமாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. அப்படி இருந்துவிட்டால் அவனை எப்படி நிறுத்துவது?

அந்தப் பக்கம் கிடைத்தது. பழைய பெயர், புதிய பெயர், ஊர், தொழில் என்று நான்கு கட்டங்கள். ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் பன்னிரண்டு பேர். புதிய பெயர்களை மேலிருந்து படித்தேன். ரூபன், சிமியோன், லேவி, யூதா, தாண், நப்தலி, காத், ஆசேர், இசக்கார், செபுலோன், யோசேப்பு, பென்யமீன். ஞாயிறு பள்ளியில் நீங்களே எனக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்த வரிசை. யாக்கோபின் பன்னிரண்டு மகன்கள், பிறந்த கிரமம் கொஞ்சமும் பிசகவில்லை.

ஜாய் அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "உபதேசியாருக்குப் பேரு தேட நேரம் இல்ல போலக்கீது. பன்னெண்டு பேரு வந்து நிக்கறான். வேதத்துல பன்னெண்டு பேரு கீது. வரிசையா வெச்சுட்டாரு." நானும் சிரித்தேன். நம் செபுலோன் ஒரு ஆள் முன்னால் நின்றிருந்தால் இசக்கார், ஒரு ஆள் பின்னால் நின்றிருந்தால் யோசேப்பு. டேனியல் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அத்தாட்சி, அன்றைக்கு அவர் வரிசையில் பத்தாவதாக நின்றது மட்டும்தான்.

பிறகுதான் இடது பக்கக் கட்டத்தைப் பார்த்தேன். பத்தாவது வரியில் குப்பன் என்று இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் முதல் ஆளுக்குப் பண்ணையாள் என்று எழுதி, கீழே பதினோரு பேருக்கும் மேற்படி, மேற்படி என்று போட்டிருந்தார்கள். எட்டாவது மாரி, அதாவது ஆசேர். அவர் நம் எதிர்வீட்டு ஜெபராஜின் பாட்டன். எனக்குச் சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது. ஜாய் அக்கா தண்ணீர் கொடுத்தார். பக்கத்தைப் போனில் படம் எடுத்து, கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தேன்.

நைனா, இது உங்களுக்குத் தெரியுமா? வழிவழியாய்க் கேட்டதை நம்பித்தான் எங்களிடம் சொன்னீர்களா? வரும் வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை டேனியலிடம் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். முகம் கறுத்துவிட்டது.

"அப்போ நைனா பொய் சொன்னாருன்றியா?"

"அவருக்குத் தெரியுமோ தெரியாதோடா."

"நீ இன்னா போலீஸா? செத்துப்போன மனுஷன பொய்க்காரராக்கறதுக்கு லீவு போட்டுக்கினு போனியா?"

"ஷெரினக் கூட்டிக்கினு குண்டு வுழற ஊருக்குப் போறேன்றியே, அதுக்குப் போனேன்."

"இங்க இன்னா கீது அவளுக்கு? சொல்லு. இருவது வருஷம் மில்லுல இருந்தேன்கா. இன்னிக்கும் புதுசா வர்றவன் கேண்டீன்ல மொதல்ல ஊரு கேக்கறான், அப்பால தெரு கேக்கறான், அப்பாலதான் பக்கத்துல குந்தறான். அங்க போனா நான் வெறும் டேனியலு. ஒருத்தன் ஒண்ணும் கேக்க மாட்டான்."

அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம நீ வாயத் தொறந்தே, அப்பால எனக்கு அக்காவே இல்ல" என்றான். இவ்வளவு வயசுக்கு அவன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வருவதற்கும் அந்தக் குழுவின் ஆள் வருவதற்கும் சரியாக இருந்தது. கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர். சுவரில் இருந்த சார்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். அம்மாவிடம் குனிந்து கேட்டார். அம்மா, டேனியல் சொல்லிக் கொடுத்தபடியே, "கப்பல்ல வந்தாங்கன்னு சொல்லுவாங்க சார்" என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டாள். ஷெரின் சமையலறை வாசலில் நின்று எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவருகே ஜெபராஜ் நின்றிருந்தார். டேனியல் ஊரை விட்டுப் போவதற்கு முன் ஒரு வார்த்தை பேச வந்திருந்தார், பாவம். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசினால் தம்பி போவான், பேசாவிட்டாலும் தம்பி போவான்.

அவர் படிவத்தை எடுத்துப் பேனாவையும் நீட்டினார். டேனியல் வாங்கினான். அவர் அவனைத் தட்டிக்கொடுப்பதுபோலத்தான் அடுத்ததைச் சொன்னார்: "நிறைய பேர் வர்றாங்க. கூலிக்கார ஜனங்க, வேதத்துல இருந்து ஒரு பேரை எடுத்து வெச்சுக்கிட்டு நாங்களும்தான்னு வந்து நிக்கறாங்க. உங்களைப் பார்த்ததுமே தெரிஞ்சுது, நீங்க அவங்க மாதிரி இல்லை."

ஜெபராஜ் காதில் அது விழுந்தது. அவர் செருப்பை மாட்டக் குனிந்தார்.

டேனியல் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தான். "ஜெபா, இரு, போவாத" என்றான். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தான். "சார், செபுலோன் வரிசைல பத்தாவது ஆளு" என்றான். அவருக்குப் புரியவில்லை. டேனியல் இடது பக்கக் கட்டத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். சின்னான், மொட்டையன், கன்னியன், தொப்ளான், முனியன், ஏழுமலை, பொன்னன். மாரி என்று படித்துவிட்டு ஜெபராஜை நிமிர்ந்து பார்த்தான். கோயிந்தன், குப்பன், வரதன், பொடியன்.

நம் வீட்டில் அந்தப் பெயர்களை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வந்தவர் சுவரில் இருந்த சார்ட்டை மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்று எழுந்து போனார். டேனியலும் ஜெபராஜைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அப்புறம்தான் அம்மா சொன்னாள், நைனா. நீங்கள் போன பிறகும் காப்பாற்றி வைத்திருந்ததை.

"உங்க நைனாக்கு எல்லாம் தெரியும். கல்யாணம் ஆன புதுசுல என்னை இட்டுக்கினு போயி, எளாவூருக்கு உள்ள ஒரு கழனியக் காட்டி, இங்கதான் எங்க தாத்தா குப்பன் ஏரு ஓட்டுனாருன்னு சொன்னாரு. உங்களுக்கும் காட்டலாம்னுதான் இருந்தாரு. நீ ஒரு நாளு அந்தப் பொண்ணு ஊட்லருந்து அழுதுக்கினு வந்தே பாரு, அன்னிக்குக் கட்டுனாரு அந்தக் கப்பல."

எனக்கு அந்த நாள் மறக்குமா? ஒன்பது வயசு. கூடப் படித்தவளின் பிறந்த நாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் அம்மா என்னை மட்டும், "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டாள். நான் முழித்தேன். கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றினாள். கவுன் முன்பக்கமெல்லாம் நனைந்து, அழுதுகொண்டே வந்தேன். நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். எங்க தாத்தா செபுலோன் இந்தப் பக்கத்து ஆளு இல்ல என்று ஆரம்பித்தது அன்றைக்குத்தான். எனக்காகவா நைனா? அத்தனை வருஷம் எனக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா?

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. அந்தக் கதையால் உங்கள் மகன் வேலையை விட்டுவிட்டு நிற்கிறான். என்னோடு அரைகுறையாகத்தான் பேசுகிறான். வேறு மில்களின் கேட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறான், இன்னும் ஒன்றும் அமையவில்லை. ஆனால் அந்த மடியை நினைத்தால் உங்களைத் திட்ட வாய் வரவில்லை. உங்கள் மேல் எனக்கு உயிர், நைனா. அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நேற்று ஷெரின் என்னிடம் கேட்டாள், "அத்தே, அப்பா படிச்சாரே, அவங்கல்லாம் யாரு?" என்று. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பண்ணையாள் என்றால் என்ன என்று கேட்டாள், அதையும் சொன்னேன். அவளையும் யாராவது ஒரு நாள் கேட்கத்தான் போகிறார்கள். டம்ளர் இருக்காது, இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி வேறு ஏதாவது இருக்கும். அவளும் அழுதுகொண்டு வருவாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்றைக்கு அவளுக்கு நான் கதை சொல்ல மாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த வீட்டில் கேட்டார்களோ அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்று, ஏன் கேட்டீர்கள் என்று கேட்பேன். ஒன்பது வயசில் நீங்கள் என்னோடு அப்படி வருவீர்கள் என்றுதான் நான் ஓடி வந்தேன், நைனா.

குப்பனுக்குக் கொள்ளுப்பேத்தி, உங்களுக்கு மூத்த மகள்,
ரூத்