நூல் மெத்தை

1942, பங்குனி, கடைசி வெள்ளி.

சண்டையால் நூல் வரத்து நின்றுவிடும் என்று என் வீட்டுக்காரர் வாங்கிக் குவித்த நூல் கட்டுகளின் மேலேயே பாய் விரித்துப் படுக்கிறோம். மேகத்தில் மிதப்பதுபோல் இருக்கிறது.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாவாயி வந்தாள். "எங்க தறி நின்னு போச்சுங்கக்கா. ஒரு கட்டு கிடைக்கலீன்னா ஊரை உட்டே போவோணும்" என்றாள். அவர் முந்திக்கொண்டு, "இங்க ஏதம்மா நூலு?" என்றார். அவள் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு, "பாவாயி ஊட்டுக்குப் போறனுங்க" என்றேன். அவர் தறியை நிறுத்தினார். தடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"ஒத்தக் கட்டு எத்தன நாளைக்கு வரும்? இன்னொண்ணையும் எடுத்துக்க" என்றார்.

அந்த இரண்டும் போன பள்ளத்தில் இப்போது கால் நீட்டித் தூங்குகிறார். எனக்கும் கண் சொருகுகிறது.