வடகிழக்கு மூலையில் ஒரு கிடங்கு

மச்சான்,

இன்று காலை உன் தங்கச்சி உடுப்புத் தோய்க்கப் போட முன்னம் என் களிசான் பொக்கற்றைத் துழாவினாள். வழக்கமாக அங்கே மெற்றோ ரிக்கற்றும் தேத்தண்ணிக்கடைச் சிட்டையும்தான் இருக்கும். இன்று ஒரு ஓட்டுத் துண்டு வந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஒரு பக்கம் மண் அப்பிக் கிடந்தது. அவள் அதைக் குழாயின் கீழ் பிடித்ததும், மழை விட்ட வயலின் மணம் பரிஸ் லா சப்பலில் எங்கள் மூன்றாம் மாடிக் குசினிக்குள் ஏறி வந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, கல்லும் மண்ணும் பொறுக்கிக்கொண்டு வாற வயசே உங்களுக்கு?" என்றாள். பிறகு குப்பை வாளியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தபடி, "எறியட்டே?" என்று கேட்டாள்.

அந்த ஒரு சொல்லுக்கே என் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீ உணவகத்தில் கோப்பை கழுவிய காலம் முழுக்க, ஊர் வயலை நினைத்து ஒரு நாளும் பெருமூச்சு விட்டவனில்லை. லா சப்பல் கடைகளில் விமானமேறி வந்து வாடிக் கிடக்கும் கத்தரிக்காயை அமத்திப் பார்த்துவிட்டு, "இது இஞ்சையே விளையும். ஏன் இந்தக் கிழடைத் தின்னுறம்?" என்பாய். கடைக்காரர் முறைப்பார். நான் கடைக்காரர் பக்கம் நின்று உன்னைப் பகிடி பண்ணுவேன். நீ எதையும் காதில் போடாமல், ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், கோதுமை விதைக்கும் ஒரு கிழவரிடம் தெருவோர வயலில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். முதல் கோடையில் அங்கே காய்த்த கத்தரிக்காயை எல்லோரிலும் கூடத் தின்றவன் நான்தான். பகிடியும் அதோடு கொஞ்சம் குறைந்தது.

குளிர்காலத்துக்குப் பொலித்தீன் கூடாரம் வேண்டும், மரக்கறி கழுவி அடுக்க ஒரு கொட்டகை வேண்டும் என்றாய். கொட்டகை எழும்பினால் உணவகத்து வேலையை விடலாம். உன் ஆசை அவ்வளவுதான். உன் கை சவர்க்காரத் தண்ணியை விட்டு வெளியே வரவேண்டும்.

கட்டட அனுமதிக்கு எழுதிப் போட்டதற்கு வந்த பதிலை என் மகள்தான் வாசித்துச் சொன்னாள். கட்ட முன்னம் தொல்லியல் ஆட்கள் வந்து காணியைக் கிண்டிப் பார்ப்பார்களாம். அந்தச் சுற்றாடல் வயல்களில் ஆதி காலத்துச் சனம் இருந்த தடயங்கள் உண்டாம். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை மண்ணில் யாரும் கை வைக்கக்கூடாதாம். ஏதும் கண்டால் என்ன செய்வார்கள் என்று நீ கேட்டாய். கண்டால் பெரிதாகக் கிண்டுவார்கள், காலம் எடுக்கும் என்று அவள் பிரெஞ்சிலேயே சொல்லித் தோளைக் குலுக்கினாள்.

"எங்கட கத்தரிக்குக் கீழை ஆரோ படுத்திருக்கினமாம் மச்சான்" என்று நீ சிரித்தாய். வாய் மட்டும்தான் சிரித்தது.

இனி வருவது என் திருவிளையாடல்.

கொட்டகைக்கு அத்திவாரம் போட, நாள்க்கல் வைக்க என்று கோயில் ஐயர் குறித்துத் தந்த நாள், அந்த ஆட்கள் வருவதற்கு முன்னமே வந்துவிட்டது. அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும். அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், ஆவணியில் வைப்போம் என்று நீ சொன்னாய். நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். ஓ.எல். சோதினையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் வழுக்கிய எனக்கு, நாள் நட்சத்திரம் என்று வந்தால் மட்டும் பெரிய பண்டிதர் என்ற நினைப்பு. "அவை சொன்னது பெக்கோ மெசினாலை கிண்டுறதை. நாங்கள் ஒரு செம்பு தாழ்க்கக் கிடங்கு நோண்டப் போறம். அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றேன். கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வடகிழக்கு மூலையைக் கண்டுபிடித்தவனும் நான்தான், மண்வெட்டி பிடித்தவனும் நான்தான். நீ செம்புக்குள் நவதானியமும் மஞ்சளும் சில்லறைக் காசும் போட்டு, வாயைச் சிவப்புத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாய்.

முழங்கால் ஆழம் போனதும் மண் கறுத்தது. கரித் துணிக்கைகள் வந்தன. பிறகு மண்வெட்டி எதையோ வெட்டிக்கொண்டு இறங்க, ஒரு சட்டித் துண்டு மேலே வந்தது. வளைந்த, தடித்த, விளிம்போடு ஒரு கோடு ஓடிய துண்டு. நீ கையை நீட்டினாய். நான் தரவில்லை. ஆரோ வெள்ளைக்காரன் இறைச்சி வாட்டின இடம் என்று சொன்னேன்.

"இல்லை மச்சான், இது வேறை மாதிரிக் கிடக்கு. வைச்சு மூடுவம்."

"இதைக் கண்டால் காணியை அடைச்சுப் போடுவாங்கள். உனக்குக் கொட்டகை வேணுமோ, சட்டி வேணுமோ?"

உன் பதிலுக்கு நான் நிற்கவில்லை. வேலிப் பக்கம் வீசினேன். பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்த கை அல்லவா, துண்டு, தொட்டால் தோல் தடிக்கும் காஞ்சோண்டிப் பற்றைக்குள் போய் விழுந்தது. உனக்கு ஒரு நன்மை செய்துவிட்ட பெருமையோடு தேங்காயை உடைத்தேன். அது இரண்டு பாதியாக வடிவாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று உனக்கு விளங்கப்படுத்தினேன். நீ வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

அடுத்த நாள் பின்னேரம் தேத்தண்ணிக்கடையில் உன்னைக் கண்டபோது உன் கை இரண்டும் முழங்கைவரை தடித்துச் சிவந்திருந்தன. "என்ன மச்சான், கோப்பை கழுவினது காணாதெண்டு அடுப்பையும் கையாலை தேய்ச்சனியே?" என்று நான் கேட்க, கடையில் நின்ற சனம் சிரித்தது. நீயும் சிரித்தாய். கோப்பையைப் பிடிக்க முடியாமல், மேசையில் வைத்தபடியே குனிந்து தேத்தண்ணியை உறிஞ்சினாய். அதற்கும் என்னிடம் ஒரு பகிடி இருந்தது. காஞ்சோண்டி பட்ட கை எப்படி இருக்கும் என்று தெரியாதவனா நான்? தெரியும். ஆனால் என் வாய் எப்போதும் என் மூளைக்கு முன்னால் ஓடுகிற வாய்.

தொல்லியல் ஆட்கள் வந்த அன்று மொழிபெயர்க்க என் மகளையும் கூட்டிப் போனோம். பெக்கோ மேல் மண்ணைப் பாய் சுருட்டுவது போல் எடுத்து, வயலின் குறுக்கே நீளமாகக் கான்கள் வெட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கானும் வெறுமையாக முடிய முடிய உன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளித்தது. மத்தியானத்துக்குப் பிறகு கடைசிக் கான் வடகிழக்கு மூலைக்கு வந்தது. கட்டைத் தலைமயிர் வைத்த பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள். பெக்கோ நின்றது. அவள் இறங்கி, குந்தியிருந்து, சின்னக் கரண்டியாலும் தூரிகையாலும் பக்குவமாக மண்ணை விலக்கி விலக்கி, எங்கள் செம்பை வெளியே எடுத்தாள்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். துணியை அவிழ்த்தால் முளைத்த பயறும் இரண்டு யூரோக் காசும். மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு விளக்கம் சொன்னாள். அவர்கள் வயிறு பிடித்துச் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. என் வாய் சும்மா இருக்குமா? இன்னும் ஆயிரம் வருசம் பொறுத்துக் கிண்டியிருந்தால் நல்ல விலை போயிருக்கும் என்று சொல்லி, அதையும் மகளைக் கொண்டு மொழிபெயர்ப்பித்தேன்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எங்கள் கிடங்கின் ஓரத்தைச் சீவினாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். ஓரத்தில், கத்தியால் வெட்டியது போல், ஒரு பானையின் பாதி நின்றது. அதற்குள் சாம்பல். சாம்பலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சின்னத் துண்டுகள். அவள் மெதுவாகச் சொல்ல மகள் மெதுவாகத் தமிழில் சொன்னாள். இறந்த ஒருவரை எரித்து, எலும்பும் சாம்பலும் பொறுக்கி, பானையில் இட்டுப் புதைத்திருக்கிறார்கள். எந்தக் காலம் என்று ஆராய்ந்துதான் சொல்லலாம், ஆனால் மிகப் பழசு. பானை உடைந்த இடம் மட்டும் புதிது. மற்றப் பாதியை யாரும் கண்டீர்களா?

மொழிபெயர்க்கும் நேரம் தவிர, என் மகள் என்னோடு பிரெஞ்சில் பேசுகிறவள் என்பது உனக்குத் தெரியும். தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் வரும். அன்று அவள் என் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணுக்கு விளங்காதபடி, குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டாள். "பப்பா, நீங்கள் ஏதும் எடுத்தனீங்களே?"

அவள் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள், மச்சான். நான் பெற்ற பிள்ளை, தகப்பனுக்கு மறைப்புக் கட்டினாள். அந்த நேரம் எங்கள் கிடங்கு இன்னும் ஆழமாக இருந்திருந்தால் நான் அதற்குள் இறங்கியிருப்பேன்.

நீ உன் மேற்சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டாய். உணவகத்தில் கோப்பை துடைக்கிற துவாய் ஒன்றை எடுத்து அவிழ்த்தாய். உள்ளே அந்தத் துண்டு. அதோடு வேலிப் பற்றைக்குள் கிடைத்த இன்னும் இரண்டு சில்லுகள். இரண்டு கையாலும் அந்தப் பெண்ணிடம் நீட்டினாய். "இஞ்சைதான் இருந்தது. நாங்கள்தான் உடைச்சனாங்கள் எண்டு சொல்லு பிள்ளை" என்றாய்.

கொட்டகை வேண்டியவன் நீ. இழக்க இருந்தவனும் நீ. எனக்கு அந்தக் காணியில் ஒரு கத்தரிக் கன்றுகூடச் சொந்தமில்லை. நான் எறிந்தேன், நீ பொறுக்கினாய். அதிலும் 'நாங்கள்' என்று என்னையும் சேர்த்துக்கொண்டு பாதியைச் சுமந்தாய்.

அந்தப் பெண் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். நன்றி என்று சொல்லித் துண்டை வாங்கி, பானையின் பக்கத்தில் பொருத்திப் பார்த்தாள். பொருந்தியது.

திரும்பி வரும்போது ரயிலில் மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ யன்னலைப் பார்த்தபடியே சொன்னாய். "ஆரோ தங்கட ஆளை ஒரு முட்டிக்குள்ளை வடிவா வைச்சிட்டுப் போயிருக்கினம். எங்களுக்கு அது கூடக் கிடைக்கேல்லை. அதைப் போய் எறியலாமே மச்சான்?"

உன் அம்மா, என் மாமி, போரின் கடைசி நாள்களில் வன்னியில் எங்கே விழுந்தா, ஆர் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. உடல் இல்லாதபடியால் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்க வைத்தார் ஐயர். அந்தச் சாம்பலை நீ அள்ளியபோது சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதே கைதான் சட்டித் துண்டை வீசியது. நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டாமல் விட்டதுதான் எனக்குச் செமிக்கவில்லை.

நீ பயந்தபடியே நடந்தது. பெரிதாகக் கிண்ட வேண்டும் என்று முடிவு வந்தது. அந்த மூலையில் இன்னும் சில பானைகள் இருந்தன. கொட்டகை அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போனது. எப்படியும் கண்டிருப்போம், இந்தத் தாமதம் உங்களால் வந்ததில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். அது உண்மைதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. அந்தக் குளிர் முழுக்க நீ கோப்பை கழுவினாய். மாசியில் ஒரு விடியற்காலை, வேலைக்குப் போக மெற்றோப் படியில் இறங்கும்போது உன் நெஞ்சு நின்றுவிட்டது.

உன் சாம்பலை மூடி போட்ட ஒரு கலசத்தில் தந்தார்கள். நான்தான் வாங்க வேண்டும் என்று உன் தங்கச்சி சொன்னாள். இரண்டு கையையும் நீட்டினேன். என் மகள் அடியில் தன் கையைக் கொடுத்துப் பிடித்தாள். தகப்பன் எதையாவது தவறவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

குத்தகையை நான் எடுத்துக்கொண்டேன். கத்தரிக்கும் வெண்டிக்கும் இலையில் வித்தியாசம் தெரியாதவன் கமக்காரனான கதையைத் தேத்தண்ணிக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கு அது வேண்டும். எழும்பப் போகும் கொட்டகையை என்னுடைய கெட்டித்தனம் என்று யாராவது புகழும்போதுதான் எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல் இருக்கிறது.

நேற்று இரண்டாம் தரம் நாள்க்கல் வைத்தோம். தொல்லியல் ஆட்கள் முடித்து, காணியை விட்டுத் தந்த பிறகு. கொட்டகையைத் தெருப் பக்கமாகத் தள்ளியாயிற்று. பழைய மூலையில் நான் எதுவும் நடுவதில்லை, புல் வளர விட்டிருக்கிறேன். செம்பு அதே செம்புதான். அந்தப் பெண் கழுவி, உறையில் போட்டுத் தந்துவிட்டுப் போனாள். இந்த முறை நான் மண்வெட்டியைத் தொடவில்லை. முழங்காலில் இருந்து, தோட்டக் கரண்டியால், பிள்ளைக்குத் தலை வாருவது போல் மண்ணை எடுத்தேன். கோதுமைக்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு சாண் போகவில்லை, சிவப்பாக ஒன்று தட்டுப்பட்டது. எடுத்தேன். என் கை தன்பாட்டில் வேலிப் பக்கம் உயர்ந்தது மச்சான். இவ்வளவுக்குப் பிறகும் உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கிழவர் பார்த்தார். உன் தங்கச்சி தேங்காயோடு நின்று பார்த்தாள். மகள் கிட்ட வந்து என் விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"ஓடு பப்பா. கூரை ஓடு. புதுசு" என்றாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எறியவும் முடியவில்லை, அவர்கள் முன்னால் திரும்பத் தாழ்க்கவும் வெட்கமாக இருந்தது. பொக்கற்றுக்குள் போட்டேன். இப்படித்தான் அது லா சப்பல்வரை வந்து சேர்ந்தது.

இன்று காலை உன் தங்கச்சி என் பதிலுக்குக் காத்திருந்து களைத்து, வாளியை மூடிவிட்டு, துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உன்னுடைய கோப்பைத் துவாய் என்னிடம்தான் இருக்கிறது. அந்த மண் இன்னும் அதில் இருக்கிறது, தோய்க்க விடவில்லை. நாளைக்கு ஓட்டை அதில் சுற்றிக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே வைக்கப் போகிறேன். ஒன்றுக்கும் உதவாத ஓட்டுத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஒரு மணித்தியாலம் போகிற மனிசனைப் பார்த்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொல்லு. இந்த முறை பகிடி உன்னுடையது.