முக்காட்டில் ஒரு ஊக்கு

3 மார்ச் 2025, திங்கள்
கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார் பத்திரிகை ஆசிரியர் பாண்டிராஜ். "டீச்சர், புருஷன்ட்ட அடி வாங்குற பொம்பளைக்கு முகமே இல்லையே. நாலு விவரம் சேருங்க. கண்ணுல தெரியணும்" என்றார் போனில். எரிச்சலாக வந்தது. முகம் தெரியக்கூடாது என்றுதானே அத்தனையையும் அழித்தேன்.

அது ஆனிமேரி முகம். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி. "ஷெரினக்கா, எம்புருஷன் ஜெய்சன் அடிக்கிறத செத்தாலும் யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்று ஜெபமாலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியவள்.

9 மார்ச், ஞாயிறு
கதையில் அவள் பெயரை மாற்றியாயிற்று. ஊர் வாடிப்பட்டி, வேலை தையல். இனி யாருக்குத் தெரியப்போகிறது?

இன்று மாதாகோயில் பூசையில் ஆனிமேரி முன் பெஞ்சில் இருந்தாள். ஃபேன் காற்றில் முக்காடு விலகாதபடி இடது காதோரம் ஊக்கு குத்தியிருந்தாள். அதற்குக் கீழேதான் ஜெய்சன் கிழித்த காயம். வீட்டுக்கு வந்ததும் அதை எழுதினேன். ஒரே வரி. கதைக்கு உயிர் வந்துவிட்டது.

வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

10 மார்ச்
எடுத்துவிடலாமா? ஊக்கு இல்லாமல் படித்துப் பார்த்தேன். சப்பென்று கிடக்கிறது. இருக்கட்டும்.

6 ஏப்ரல், ஞாயிறு
இதழ் வந்துவிட்டது. கோயில் வாசலில் பாடற்குழு செபஸ்தியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஆனிமேரிய அப்படியே எழுதிட்டியே. அந்த ஊக்கு ஒண்ணு போதும்த்தா."

ஊர மாத்துனேன், தொழில மாத்துனேன் — வாராவாரம் கோயிலுக்கு வர்ற பங்கு சனமே பாக்குறத அப்படியே வச்சிருக்கேன். கூறுகெட்ட சிறுக்கி நான். ஜெய்சன் படித்திருப்பானோ?

7 ஏப்ரல்
ஆனிமேரி பள்ளிக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

8 ஏப்ரல்
மண்டையில் பதினொரு தையல். மாடிப்படியில் வழுக்கிவிட்டதாம்.

ஆஸ்பத்திரியில் ஜெய்சன் கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். "வாங்கக்கா. கதை படிச்சேன். நல்லா கவனிச்சு எழுதுறீங்க" என்றான். ஆனிமேரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு திரும்பவே இல்லை.

வராந்தாவில் ஒரு பெண் போலீஸ் தாளை நீட்டினார். "கூட வேலை பாக்குறவங்கதானம்மா நீங்க? தெரிஞ்சத எழுதிக் குடுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க."

ஜெய்சன் கதவைப் பிடித்தபடி வந்து நின்றான். பயந்துவிட்டேன்.

"படியில் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அம்புட்டுத்தானா டீச்சர்?"

அம்புட்டுத்தான் என்றேன்.