காய்ச்சல் கண்ட படி

கிராணி வீடு,
புக்கிட் ரோத்தான்.
1924 ஐப்பசி 4

மதிப்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு வாகீஸ்வரி வணங்கி வரைவது.

'இவ்விடம் யாவரும் நலம்' என்று தொடங்குவது மரபு. பொய்யை மரபின் பெயரால் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

கப்பலில் வரும் புது ஆட்களை அழைத்து வரவென்று தாங்கள் கிள்ளானுக்குப் புறப்பட்ட மறுநாளே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் காய்ச்சல் புகுந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரும் படுத்துவிட்டார். லயத்துக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் இடையில் போக்குவரத்துக் கூடாதென்று தோட்டத்துத் துரை உத்தரவிட்டிருக்கிறார். நம்முடைய மகள் அந்த உத்தரவை மதிக்கவில்லை. நம் கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் குடத்தில் சுமந்து, வேலி இடுக்கால் தினமும் லயத்துக்குப் போகிறாள்.

அவளை வளர்த்த விதம் தாங்கள் அறியாததன்று. பேசத் தொடங்கிய நாள் முதல், இராச்சோறு வைக்குமுன் நான் கேட்பேன்: "இண்டைக்கு உன்ர கையால ஆருக்கு என்ன நடந்தது?" பதில் வந்த பிறகே சோறு. பூனைக்குப் பால் வைத்ததையும் நான் பதிலாக ஏற்றதுண்டு. நேற்று அவள் சொன்ன பதில்: "நல்லம்மாளக்காவின்ர மகள் அஞ்சலைக்குத் தலை துடைச்சுக் கஞ்சி பருக்கினனான். என்ர மடியிலயே நித்திரையாப் போயிட்டாள், அம்மா."

பெருமையால் நெஞ்சு நிறைந்தது. அந்த நொடியே அச்சத்தால் நடுங்கியது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளைத் தடுக்க எனக்கு நியாயம் கிடைக்கவில்லை. தடுக்காதிருக்கத் துணிவும் இல்லை. தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கிறேன்.

தங்கள் மனைவி,
வாகீஸ்வரி

---

கிள்ளான்.
22-10-1924

வாகீஸ்வரிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் 'மதிப்பிற்குரிய' என்று அது தொடங்கியதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தர்மலிங்கம், கவர்னருக்கு வந்த மனுவோ?" என்று கேட்டார். சிரித்தேன். வாசித்து முடித்தபின் சிரிப்பு வரவில்லை.

கப்பலில் நோய் என்று ஆட்களை முகாமில் மறித்து வைத்திருக்கிறார்கள். அவர்களை விட்டு நான் அசைய முடியாது. பிள்ளை லயத்துக்குப் போவது துரைக்குத் தெரிந்தால் கணக்கெழுதும் கிராணி உத்தியோகமே போகும். உத்தியோகம் போனாலும் போகட்டும், பிள்ளை போனால் என்ன செய்வோம்? உம்முடைய கேள்வியும் பதிலும் நல்ல காலத்துக்குச் சரி.

புத்தி சொன்னால் நவமணி கேளாள். ஆணைக்கு மட்டும்தான் பயப்படுவாள். சாமி விளக்கின் முன்னால் அவளை உம்முடைய தலையில் கை வைக்கச் சொல்லும். "காய்ச்சல் கண்ட எந்தப் படியையும் மிதிக்க மாட்டேன், மிதித்தால் அம்மா இல்லை, அப்பா விடுவிக்கும் வரை" என்று சத்தியம் வாங்கும். இது என் கட்டளை.

தர்மலிங்கம்

---

புக்கிட் ரோத்தான்.
1924 ஐப்பசி 9

மதிப்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு,

கட்டளை நிறைவேறியது. விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, தங்கள் சொற்களில் ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்லச் செய்தேன். என் உச்சியில் அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தாள். சத்தியம் முடிந்ததும் அதைத் தூக்கிக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினாள்.

மாலையில் நல்லம்மாள் வேலியருகே வந்து நின்றாள். அவளுக்கே நிற்கத் தெம்பில்லை.

"கிராணியம்மா, பாப்பாவக் காணோமே. புள்ள 'அக்கா எங்க, அக்கா எங்க'ன்னு பொலம்புது. அவுக குடுத்தாத்தான் வாயத் தொறக்குது."

"நவமணிக்குச் சுகமில்லை" என்றேன். பொய்யை வெறுத்த என் வாய் அதைத் தயங்காமல் சொல்லியது. நவமணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று விடியலில் அஞ்சலை இறந்துபோனாள்.

இரவு வழக்கம்போல் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்ல" என்றாள். சோற்றைப் போட்டேன். அவள் மறுக்காமல், முகம் மாறாமல், முழுவதும் சாப்பிட்டு எழுந்தாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அமைதியாகச் சாப்பிட்டதே எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் மனைவி,
வாகீஸ்வரி

---

புக்கிட் ரோத்தான்.
1924 ஐப்பசி 13

கணவர் அவர்களுக்கு,

எழுத்துக் கோணினால் பொறுத்தருள்க. பள்ளிக்கூடப் படி மிதியாது, அடுப்புக்கரியால் குசினிச் சுவரில் எழுதிப் பழகிய கை இது. ஒருநாளும் இப்படி நடுங்கியதில்லை. தீபாவளிக்கு முதல்நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது.

நவமணி என் அறைக்குள் வருவதில்லை.

வாசலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறாள். மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியால் கஞ்சிக் கிண்ணத்தை என் பாய் வரைக்கும் தள்ளுகிறாள். பாதி வேளை கிண்ணம் கவிழ்ந்துவிடும். நேற்று நிலத்தில் பரவிய தண்ணீரை விரலால் தொட்டு நாக்கை நனைத்துக்கொண்டேன். யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவள் நான். நாய்க்கு வைப்பதுபோல் எனக்கு வைக்கிறாயே என்று கத்தினேன்.

அதன் பிறகே அவள் வாய் திறந்தாள்.

"உள்ளுக்கு வந்தா நீங்கள் செத்துப்போவியள் அம்மா. உங்கட தலையில கை வச்சல்லோ சத்தியம் பண்ணினனான்."

"அது லயத்துக்கடி பிள்ளை. இது உன்ர வீடு."

"'எந்தப் படியும்' எண்டுதானே சொல்ல வச்சனீங்கள்?"

"நான் விடுவிக்கிறன். வா."

"உங்களால ஏலாது. அப்பா விடுவிக்கும் வரை எண்டுதான் சொன்னது."

அஞ்சலைக்காகப் பழி வாங்குகிறாள் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. என் உயிரைக் காக்கவே அவள் வாசலில் இருக்கிறாள். இரவெல்லாம் அவள் விம்முவது கேட்கிறது. நான் எழுந்து அவளிடம் போக முடியவில்லை. அவள் எழுந்து என்னிடம் வரமாட்டாள். இடையில் கிடப்பது மூன்று முழத் தரை.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அடுக்குமொழி இல்லை, மரபு இல்லை. 'விடுவித்தேன்' என்று ஒரு சொல் எழுதுங்கள். தாகமாக இருக்கிறது.

வாகீஸ்வரி

---

கிள்ளான்.
31-10-1924

வாகீஸ்வரிக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்த நேரம் முதல் நான் சாப்பிடவில்லை. முகாமில் நாளாந்தம் பிணம் எடுக்கிறார்கள். தாய்க்குப் பால் கொடுக்கப் போன மகள், அடுத்த பாயிலே கிடக்கிறாள். இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, உள்ளே போ என்று என் பிள்ளைக்கு எப்படி எழுதுவேன்?

நீர் மனவலிமை உடையவர். தேறிவிடுவீர். பிள்ளைக்கு வந்தால் தாங்க மாட்டாள். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இருசப்பனிடம் சொல்லும், லயத்திலிருந்து ஒரு பெண்ணை உமக்குத் துணைக்கு அனுப்புவான்.

உம்மை நினைக்கவில்லை என்று எண்ண வேண்டாம். நினைத்து நினைத்துத்தான் எழுதுகிறேன். நவமணியை நான் விடுவிக்கவில்லை.

தர்மலிங்கம்

---

புக்கிட் ரோத்தான்.
1924 ஐப்பசி 20

திரு. தர்மலிங்கம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் மூன்று நாளைக்கு முன் கிடைத்தது. இருசப்பன் வேலிக்கு வெளியே நின்று நீட்டினான். துணைக்கு ஆள் கேட்டபோது தலையைத் தொங்கப் போட்டான். "யாரம்மா நிக்கிறா லயத்துல? எல்லாம் படுத்துக் கெடக்கு. நானே வேலியப் புடிச்சுக்கிட்டுத்தாம்மா நிக்கிறேன்."

காய்ச்சலில் எனக்கு எழுத்துத் தெரியவில்லை. ஆகவே நவமணியே வாசலில் இருந்தபடி உரக்க வாசித்தாள். 'தேறிவிடுவீர்' என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். மீதியையும் வாசித்தாள். நான் கற்பித்தபடியே, கடைசிச் சொல் வரைக்கும் தெளிவாக வாசித்தாள். அதன்பின் கடிதத்தை நாலாய் மடித்துக் கூரை இறப்பில் செருகினாள்.

கொக்கத்தடியை எடுப்பாள் என்று எண்ணினேன். செம்பை எடுத்தாள். வாசற்படியை ஒருமுறை பார்த்தாள்.

"அம்மா, சத்தியம் பலிச்சாப் பலிக்கட்டும். தண்ணி குடிச்சிட்டுச் சாவுங்கோ."

படியை மிதித்து உள்ளே வந்துவிட்டாள். என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். செம்பு என் பல்லில் இடித்தது. தாயைத் தன் காலாலேயே கொல்கிறோம் என்று நம்பிக்கொண்டுதான் அந்தப் பிள்ளை எனக்குத் தண்ணீர் பருக்கினாள். விடியும் வரைக்கும் என் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். விடிந்ததும் நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போதுதான் அழுதாள். அஞ்சலைக்கும் சேர்த்து அழுதாள்.

நான் எழுந்து உட்காருகிறேன். சாவேன் என்று இனித் தோன்றவில்லை.

இன்று காலையில் அவள் குடத்தை எடுத்தாள். நல்லம்மாள் படுத்துவிட்டாளாம். "அம்மா, போட்டு வரட்டோ?" என்று கேட்டாள். தடுக்க என் நாக்கின் நுனி வரைக்கும் சொல் வந்தது. பொய்யும் ஆணையும் சொல்லிப் பழகிவிட்ட நாக்கு அது. "நிறைய அள்ளிக்கொண்டு போ" என்றேன்.

அவள் உடம்பு சுட்டதா என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

தாங்கள் பிள்ளையின் உயிரைக் காக்க விரும்பியதை நான் குறை கூறவில்லை. தகப்பனுக்கு அது அழகு. மகளா மனைவியா என்ற கேள்வி தங்கள் முன் வந்தபோது தாங்கள் தேர்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதையும் குறை கூறவில்லை. முகாம் திறந்ததும் வாருங்கள், வீடு தங்களுடையது. இந்த வீட்டுக்குக் கட்டளை மட்டும் இனி எழுத வேண்டாம். அதை வாசித்துக் காட்ட இங்கே ஆள் இல்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வைத்துவிட்டேன். சோறு ஆறுகிறது. லயத்துப் பக்கம் யாரோ ஒப்பாரி வைக்கும் குரல் கேட்கிறது, யாருக்கென்று தெரியவில்லை. இவ்வளவு நேரம் அவள் தங்கியதில்லை.

இன்று அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன். வந்தவுடன் சோற்றைப் போடுவேன். படியில் அவள் கால் மட்டும் விழட்டும்.

நவமணியின் தாய்,
வாகீஸ்வரி